கழற்றக் கூடாத காப்பு

எங்கள் வீட்டில் பசிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அம்மா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எந்தச் சிக்கலையும் அவர் முதலில் கரும்பலகையில் படிப்படியாக எழுதித் தீர்க்கப் பார்ப்பார். அதற்கு அடங்காதவற்றுக்கு உபவாசம். அப்பாவின் இடமாற்றம், என் பொதுத்தேர்வு, தாம்பரத்தில் வாங்கிய மனைக்குப் பட்டா கிடைக்காமல் இழுத்தடித்தது என்று எல்லாவற்றுக்காகவும் அம்மா வெள்ளிக்கிழமைகளில் பட்டினி இருந்து ஜெபித்திருக்கிறார். பட்டா கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, என்னைப் படுக்கையில் தள்ளிய நோய்க்கு மிகவும் பிடித்தமான தீனி பட்டினிதான் என்று ஒரு மருத்துவர் சொன்னபோது எங்கள் வீட்டுக் கணக்கே தலைகீழானது. அந்த நாட்களை எழுதிவைக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் பிடிபடாத வயிற்று வலியோடு ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கும் யாரேனும் இதைப் படித்து, ‘எனக்கும் இதுவாக இருக்குமா?’ என்று ஒருமுறை கேட்டால் நல்லது. தவிரவும், என்னைக் காப்பாற்றிய மருந்தின் வேதியியலை நான் நோயாளியாக அல்லாமல் வேறொரு வாசல் வழியாக முன்பே அறிந்திருந்தேன். அந்த மகிழ்ச்சியை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

என் பெயர் பியூலா. கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு சிறிய ஆய்வகத்தில் நான் வேலை செய்கிறேன். ஆராய்ச்சி நிலையங்கள் கேட்கும் குட்டையான ஆர்.என்.ஏ. சங்கிலிகளை நாங்கள் வேதிமுறையில் கட்டித் தருகிறோம். உயிரணுவுக்குள் செய்திகளைச் சுமந்து செல்லும் மூலக்கூறுதான் ஆர்.என்.ஏ. நான்கே வகைக் கண்ணிகள்; அவற்றின் வரிசைதான் செய்தி. கண்ணாடி மணிகளின் மேல் முதல் கண்ணியை ஒட்டிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக அதன் மேல் கோத்துக்கொண்டே போக வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு கண்ணியும் தலையில் ஒரு மூடியோடு வரும். அடுத்த கண்ணியைச் சேர்ப்பதற்கு முன் அமிலத்தை ஓடவிட்டு அந்த மூடியைக் கழற்றுவோம். கழன்ற மூடி, குழாயில் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஓடும். நிறம் அடர்த்தியாக இருந்தால், சென்ற சுற்றில் கண்ணி சரியாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வெளிறினால் அன்றைய உழைப்பு வீண். என் தோழி ரஹ்மத்தும் நானும் எத்தனையோ சங்கிலிகளைக் கட்டியிருக்கிறோம். இன்றும் ஆரஞ்சு தெரிந்தால் அவள் கைதட்டுவாள்.

இதில் இயந்திரம் பாதி, கை பாதி. ஈரக்காற்றின் சுவடுகூடப் படாமல் ஊசிவழியே திரவத்தை மாற்றுவதும், எறும்பின் தலையளவு தூளை நிறுத்துப் போடுவதும் கையின் வேலைகள். நான் படித்த படிப்பு முழுவதும் கடைசியில் என் மணிக்கட்டில்தான் வந்து நிற்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சென்ற ஆண்டு லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வலி தொடங்கியது. அது ரம்ஜான் மாதமாகவும் இருந்ததால் ஆய்வகத்தில் நானும் ரஹ்மத்தும் மதிய உணவு நேரத்தைச் சேர்ந்தே புறக்கணித்தோம். “நீ சாயங்காலம் காபி குடிப்ப, நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். உன்னோடது டூப்ளிகேட் நோன்புடீ” என்று அவள் சீண்டுவாள். அந்தச் சீண்டலுக்காகவே நான் காபியையும் விட்டேன். சில நாட்களில் வயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்குவது போன்ற வலி வந்தது. வாந்தி வந்தது. நெஞ்சு படபடத்தது. தாம்பரத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

பெண்கள் பிரிவில் எனக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. பெயரும் எண்ணும் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டையை நர்ஸ் என் மணிக்கட்டில் மாட்டினார். அடுத்த படுக்கையில் கோவிலம்பாக்கத்தில் இட்லிக்கடை நடத்தும் மல்லிகா அக்கா, பித்தப்பையில் கல்லோடு படுத்திருந்தார். என் கையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னா பாப்பா, உனுக்கும் காப்பு கட்டிட்டாங்களா? எங்க ஏரியாவுல ஆடி மாசம் அம்மனுக்குக் காப்பு கட்டினா, கழட்டுற வரிக்கும் ஊர வுட்டுப் போவக்கூடாது. இங்கயும் அதே கதைதான். வூட்டுக்குப் போறேன்னு நீ தலகீழா நின்னாலும் வுட மாட்டாங்க.”

என் அம்மாவுக்கு அம்மன், காப்பு என்றெல்லாம் கேட்டதும் முகம் சற்று இறுகியது. மறுகணமே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த வலியிலும் வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தொழிலிலும் காப்பு உண்டு. ஆர்.என்.ஏ.யின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஓரத்தில் குறும்புக்கார இடம் ஒன்று இருக்கிறது. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த முனை. அதைச் சும்மா விட்டால் பக்கத்து இணைப்பைத் தாக்கிச் சங்கிலியையே அறுத்துவிடும். அதனால் கட்டி முடிக்கும்வரை அதன் மேல் ஒரு வேதிப் போர்வையைப் போர்த்தி வைப்போம். சனிக்கிழமைகளில் எங்கள் சபை மண்டபத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வேதியியல் சொல்லித் தருவதுண்டு. அங்கே அதைக் காப்புத் தொகுதி என்பேன். வேலை முடியும்முன் காப்பைக் கழற்றினால் சங்கிலி போயிற்று. மல்லிகா அக்கா சொன்ன விதியும் அதுதான்.

குடல்வாலாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும், ஒருவேளை அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று படுக்கையில் ஓர் அட்டையை மாட்டினார்கள். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. எண்டோஸ்கோப்பி என்றார்கள்; அதற்கும் வெறும் வயிறு. அதிலும் ஒன்றும் இல்லை. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வயிறு மிருதுவாக இருக்கிறது, சோதனைகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் பெண் துடிக்கிறாள். மருத்துவர்களின் முகத்தில் ‘மனதில் ஏதாவது கவலையா?’ என்ற கேள்வி மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நூறு வயிற்று வலிகளைப் பார்ப்பவர், நூற்றில் ஒன்றாகக்கூட வராத நோயை எப்படி முதலில் நினைப்பார்?

வீட்டிலோ அம்மா தன் வழக்கமான ஆயுதத்தை எடுத்துவிட்டார். சபையின் பெண்கள் ஐக்கியத்தார் எனக்காகச் சங்கிலி உபவாசம் தொடங்கினார்கள். ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் தொடங்குவார், சங்கிலி அறுபடாது. ரசம் சாதம் சாப்பிடலாம் என்று மருத்துவர் அனுமதித்த வெள்ளிக்கிழமையன்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இன்னிக்கு ஒரு நாள் நீயும் எங்களோட இருந்துடேன் கண்ணு. சாயங்காலம் பிரேயர் முடிச்சதும் சாப்பிடலாம்.”

நான் சரி என்றேன். எப்படியும் பசியே இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய அன்பு எதுவும் கிடையாது.

மறுநாள் காலை பல் தேய்க்கக் கையைத் தூக்கினேன். தோள் கனத்தது. மணிக்கட்டு மேலே நிமிரவில்லை. வாடிய தண்டின் நுனியில் பூப்போலத் தொங்கியது. பிரஷ் கையிலிருந்து நழுவிக் கழுவும் தொட்டியில் விழுந்தது. வயிற்று வலிக்கு அழாத நான் அதற்கு அழுதேன். என் மணிக்கட்டு போனால் என் தொழில் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருடைய கேள்வியும் ஒன்றேதான்: பியூலாவின் கை திரும்பி வருமா?

அன்று சோதனைக்காகக் கொடுத்த சிறுநீர்க் குப்பியை அப்பா ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். எடுத்துப்போக வர வேண்டியவர் வரவில்லை. பிற்பகல் வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. மாலையில் அதைக் கையில் எடுத்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, காலையில மஞ்சளாத்தானே இருந்துச்சு? இதுல யாரும் எதையும் ஊத்தலையே?”

மல்லிகா அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். “அய்யே, இன்னா சார் இது, கோலி சோடாவுல திராட்ச கலர் ஊத்தினாப்ல கீது!”

எனக்கு நோய் மறந்தது. நான் வேதியியல் படித்தவள். வெளிறிய ஒன்று வெளிச்சத்தில் நின்று அடர்நிறமாகிறது என்றால் அதற்குள் சிறு சிறு மூலக்கூறுகள் கைகோத்துப் பெரியதாகிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். குழாயில் ஆரஞ்சு ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண் அது. பணியில் இருந்த இளம் மருத்துவர் கல்பனாவை அழைத்து, “டாக்டர், வெயில்ல வச்சா கலர் மாறுற யூரின் ஏதாவது வியாதியில உண்டா?” என்று கேட்டேன்.

அவர் குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு என் தொங்கும் கையைப் பார்த்தார். பிறகு மறுபடி குப்பியை.

“போர்ஃபிரியா,” என்றார், தனக்குத்தானே. அடுத்த வார்த்தைகளைக் குழந்தையின் உற்சாகத்தை அடக்க முடியாமல் சொன்னார்: “இதை நான் புக்லதான் படிச்சிருக்கேன்! பார்த்ததே இல்ல!” உடனே வாயில் கை வைத்துக்கொண்டார். “சாரி, சாரி. உங்களுக்கு வலிக்குது, நான் சந்தோஷப்படறேன்.”

“சந்தோஷப்படுங்க டாக்டர்,” என்றேன். “ஒருத்தராவது பெயர் சொன்னீங்களே.”

புதிய மாதிரியை வெளிச்சம் படாமல் அனுப்ப வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து ரஹ்மத் தன் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சியோடு உள்ளே வந்தாள். சமோசா சுற்றிவந்த அலுமினியத் தாளைப் பிரித்து, துடைத்து, ஆய்வகத்தில் எங்கள் ரசாயனங்களைச் சுற்றுவதுபோலவே மடிப்பு மடிப்பாகக் குப்பியைச் சுற்றிக் கொடுத்தாள்.

கல்பனா அம்மாவின் பக்கம் திரும்பினார். “இவங்க கொஞ்ச நாளா சாப்பாடு ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “லெந்து நாள் டாக்டர். வேலைக்குப் போகும்போதே மத்தியானம் சாப்பிட மாட்டா. இங்க வந்தப்புறம் நாங்க எல்லாரும் இவளுக்காக உபவாசம் இருக்கோம். நேத்து இவளும்கூட…”

“நிறுத்துங்கம்மா,” என்றார் கல்பனா. குரலில் அதட்டல் இல்லை, அவசரம் இருந்தது. “இப்பவே நிறுத்துங்க. இந்த நோயில பசிதான் விஷம்.”

அவர் விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன். இரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது ஹீம் என்னும் பொருள். ஈரலும் அதைச் செய்கிறது, வரிசையாக நிற்கும் சில நொதிகளின் வழியாக. நொதி என்றால் உடம்புக்குள் வேதிமாற்றம் செய்யும் பணியாள் என்று வைத்துக்கொள்ளலாம். என் வரிசையில் மூன்றாமவர் பிறவியிலேயே பாதி வேகக்காரர். சாதாரண நாட்களில் அது பெரிய குறையில்லை. ஆனால் பட்டினி கிடந்தால் வரிசையின் முதல் ஆள் வெறிபிடித்தாற்போல வேலை செய்யத் தொடங்குகிறார். மூன்றாமவரால் ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் சரக்குக் குவிகிறது. குவிந்த சரக்கு நரம்புகளை வாட்டுகிறது. அதுதான் வலி, அதுதான் தொங்கும் கை. வெயிலில் சிவந்ததும் அந்தச் சரக்கே. இனிப்பும் சோறும் முதல் ஆளைச் சாந்தப்படுத்தும்.

குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. ஸ்கேனுக்காக மாட்டி, பிறகு யாரும் எடுக்க மறந்த பட்டினி அட்டையைக் கல்பனாவே கழற்றினார். மல்லிகா அக்காவுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்.

“சோறு துன்னா சரியாப்பூடுமாமே உனுக்கு? ஐயோ, இன்னா ராசி பாப்பா! எனுக்கு எண்ணெ கூடாது, நெய் கூடாதுன்றான். மாத்திக்கலாமா வியாதிய?”

எல்லோரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நான்தான் அவ கைய எடுத்துட்டேன்.”

அப்பாதான் சொன்னார்: “பிரேயர்ல என்ன கேட்ட? டாக்டருக்கு வழி தெரியணும்னுதானே? தெரிஞ்சிருச்சுல்ல. பதில் வந்தாச்சு. இப்ப நீ போய் அல்வா வாங்கிட்டு வா.”

சோதனை முடிவு வந்தது, கல்பனா சொன்னதேதான். வெளியூரிலிருந்து ஹீம் மருந்தே வரவழைக்கப்பட்டு நரம்பில் ஏற்றப்பட்டது. ஹீம் போதுமான அளவு இருக்கிறது என்று அறிந்தால் ஈரலின் முதல் ஆள் கையைக் கட்டிக்கொள்வார் என்பதே அதன் தர்க்கம். வலி சில நாட்களில் வடிந்தது. மல்லிகா அக்கா என்னைவிட முன்னதாகக் கல் நீங்கிப் பட்டை அறுபட்டு வீட்டுக்குப் போனார். போகும்போது, “காப்பு கழட்டினதும் நேரா நம்ம கடைக்கு வரணும்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் வீடு திரும்பினேன். கை மட்டும் திரும்பவில்லை. அப்பா காலையும் மாலையும் என் விரல்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார். மணிக்கட்டு சிறிது நிமிரும். அடுத்த தாக்குதல் வந்து மறுபடி விழும். ஒழுங்காகச் சாப்பிட்டும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அதே ஜன்னல், அதே பட்டை. நரம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றால் ஒரு கட்டத்தில் மீளாமலே போகலாம் என்று கல்பனா ஒளிக்காமல் சொன்னார். நோயாளியாக நான் அவரிடம் கண்ட பெரிய கருணை அது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாளில் அவர் மூத்த மருத்துவரோடு வந்தார். “ஒரு ஊசி இருக்கு, பியூலா. மாசம் ஒரு தடவை, தோலுக்கடியில. ஈரல்ல அந்த முதல் நொதியைச் செய்யச் சொல்லிப் போகிற செய்தியையே அறுத்துடும். ஆர்.என்.ஏ. மருந்துன்னு சொல்லுவாங்க. கேள்விப்பட்டிருக்கீங்களா?”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொண்டார்.

அந்த மருந்து நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. தனி நோயாளியின் பெயரில் அரசின் அனுமதி பெற்று வரவழைக்க வேண்டும். விலை எங்கள் குடும்பம் எட்டும் உயரத்தில் இல்லை. மருத்துவர்கள் எழுதிக் கேட்டதன் பேரில் தயாரிப்பாளரின் உதவித் திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதிக் கேட்க ஒரு கல்பனா இல்லாத, நோயின் பெயரே தெரியாத இன்னொரு பெண் எங்கோ ஒரு வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எனக்குக் கிடைத்தது நீதியா, அதிர்ஷ்டமா என்று ரஹ்மத்திடம் கேட்டேன்.

“அதிர்ஷ்டம்தான். அதை நீதியா மாத்தறதுக்கு முதல்ல நீ எழுந்து நிக்கணும். ஊசியப் போட்டுக்கிட்டு வந்து யோசி,” என்றாள். பிறகு அவளே யோசித்தாள். “ஆனா பியூலா, ஒரு துளி மருந்துக்கு எத்தனை கேன் அசிட்டோநைட்ரைல் கழுவி ஊத்தியிருப்பாங்க?”

அது எங்கள் பழைய சண்டை. ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் அந்தக் கரைப்பானால் கழுவ வேண்டும். கிடைக்கும் பொருள் சிட்டிகை, கழிவு பீப்பாய். அந்தக் கழிவை ஒழுங்காக எரிக்காமல் எந்த ஏரியிலாவது கலந்தால், ஓர் ஈரலைக் காப்பாற்றப் பல ஈரல்களைப் பணயம் வைத்தவர்களாவோம். குறைந்த கரைப்பானில் கட்டும் வழிகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கை திரும்பினால் நானும் அதைத்தான் செய்வேன் என்று அன்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன்.

ஊசி போடுமுன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஸ்டெப் விடாம சொல்லு” என்றார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் அவர் சொன்ன வாக்கியம்.

“ஆர்.என்.ஏ.வை அப்படியே இரத்தத்துல போட்டா கொஞ்ச நேரத்துல கிழிஞ்சிடும்மா. அதோட குறும்புக்கார முனை ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்ல?”

“நீ காப்பு போட்டு மூடி வைப்பியே, அதுவா?”

“அதேதான். லேப்ல நாங்க கட்டி முடிச்சதும் அந்தக் காப்பைக் கழட்டிடுவோம். இந்த மருந்துல அந்த முனையையே மாத்திட்டாங்க. சில கண்ணியில மீத்தைல்னு ஒரு சின்னத் தொப்பி, சிலதுல ஆக்சிஜனுக்குப் பதிலா ஃப்ளோரின். ஓரத்து இணைப்புகள்ல ஒரு ஆக்சிஜனை எடுத்துட்டு கந்தகம். கிழிக்க வர்ற நொதிக்குப் பிடியே கிடைக்காது.”

“அது எப்படி நேரா ஈரலுக்குப் போகும்?”

“வால்ல மூணு சர்க்கரை கட்டியிருக்காங்க. ஈரலுக்கு அந்தச் சர்க்கரைன்னா உயிர். பார்த்ததும் உள்ள இழுத்துக்கும்.”

“இந்தப் பொண்ணைப் போலவே அதுக்கும் இனிப்பு வேணுமாக்கும்,” என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு படியில் நின்றுவிட்டார். “அப்போ அந்தக் காப்பை எப்பக் கழட்டுவாங்க?”

“கழட்ட மாட்டாங்கம்மா. கழட்டக் கூடாது. அதுதான் இதோட சூட்சுமமே.”

அம்மா என் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டிக் பட்டையைச் சுண்டுவிரலால் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். “மல்லிகாகிட்ட சொல்லணும்,” என்றார் கடைசியில்.

ஊசி மிகச் சாதாரணமாக முடிந்தது. ஒரு சிறு கடி, ஒரு சிறு சிவப்பு. இவ்வளவுதானா என்று அப்பா இரண்டு முறை கேட்டார். நான் செய்த சங்கிலி அல்ல அது. எங்கோ, யாரோ செய்தது. ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணிக்கும் யாரோ ஒருவர் குழாயில் ஆரஞ்சு ஓடுவதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். முகம் தெரியாத அந்தச் சகதொழிலாளிக்காக நான் ஜெபித்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

மாதங்கள் போயின. மாதாமாதம் ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிக்கிறார்கள். மருந்து என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. தாக்குதல் வரவேண்டிய நாட்கள் ஒவ்வொன்றாக வந்து, எதுவும் நடக்காமல் கடந்தன. தாக்குதல் நின்றதும் நரம்புகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. முதலில் கட்டைவிரல் திரும்பியது. பிறகு கதவின் தாழ்ப்பாள் கைக்கு வசமானது. புத்தாண்டுக்குப் பிறகு ரஹ்மத் என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் இயந்திரத்தின் முன் நிறுத்தினாள். நான் பொத்தானை அழுத்தினேன். ஆரஞ்சு ஓடியது. அவள் கைதட்டினாள். ஊசிக்குழாயை மட்டும் இன்னும் அவள்தான் பிடித்தாள்.

இந்த நோய் பரம்பரையாக வரக்கூடியது என்பதால் அப்பாவையும் அம்மாவையும் சோதித்தார்கள். மூன்றாம் பணியாள் அம்மாவுக்கும் பாதி வேகக்காரர்தான். இத்தனை உபவாசங்களுக்கும் அம்மாவின் உடம்பு ஏன் பேசாமல் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பலருக்கு அப்படித்தான், கடைசிவரை வெளியே தெரிவதே இல்லை என்றார் கல்பனா. “ஆனா இனிமே நீங்களும் பட்டினி இருக்கக் கூடாதும்மா.”

அம்மா என்னைக் காட்டிக் கேட்டார். “இத்தனை வருஷம் நான் இவளுக்காகச் சாப்பிடாம இருந்தேன். இனிமே இவளுக்காகச் சாப்பிடணுமா?”

“ஆமாம்மா. நேரத்துக்குச் சாப்பிடணும்.”

அது அவருக்கு எளிதாக இல்லை. அன்பைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே மொழியைப் பறித்துவிட்டு வேறொரு மொழியில் பேசச் சொன்னதுபோல் இருந்தது. சில வாரங்கள் வெள்ளிக்கிழமைகளில் தட்டின் முன் குற்றவாளியைப்போல உட்கார்ந்திருப்பார். பிறகு பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து பேசினார். சங்கிலியை அறுக்க வேண்டாம், ஆனால் இனி அது சோற்றுச் சங்கிலியாக இருக்கட்டும் என்றார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாகத் தரையில் படுத்திருப்பவர்களுக்கு எங்கள் சபையிலிருந்து சாப்பாடு போகிறது. இட்லி மல்லிகா அக்காவின் கடையிலிருந்து.

இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளி வந்தது. நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் நடக்கும் ஆராதனை. சபை முழுவதும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும். அம்மா முந்தைய நாளே போதகரிடம் போய், நாங்கள் வீட்டில் இருந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

“வாங்கம்மா, வந்து சாப்பிடுங்க,” என்றாராம் அவர். “கடைசி பெஞ்சுல உக்காந்து, வாசனை வராம சாப்பிடுங்க. நானும் மனுஷன்தான்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பிரசங்கத்தின் நடுவே அம்மா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். மல்லிகா அக்கா கொடுத்தனுப்பிய பொடி இட்லி. நல்லெண்ணெய் மணம் எழுந்து, மின்விசிறிக் காற்றில் ஏறி, வரிசை வரிசையாக முன்னோக்கிப் போயிற்று. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சிரிப்பை அடக்கியபடி அப்பா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா டப்பாவை என்னிடம் நீட்டினார். ஓராண்டாக நான் இடக்கையில் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி அவர் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கத் திரும்புவதற்குள் நான் வலக்கையை நீட்டி, ஓர் இட்லியை விண்டு, எடுத்தேன். மணிக்கட்டு கொஞ்சம் நடுங்கியது. பிறகு நிமிர்ந்தது. துண்டு வாய்க்கு வந்து சேர்ந்தது.

அம்மா பலிபீடத்தைப் பார்க்கவில்லை, போதகரைப் பார்க்கவில்லை. பட்டை இல்லாத என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஓர் இட்லியை எடுத்து, வெள்ளிக்கிழமையில் முதல்முறையாகக் குற்றவுணர்வு இல்லாமல், முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

“இன்னொண்ணு எடு,” என்றார், வாய் நிறைய.

ஜெபம் முடிந்து சபை முழுவதும் ஆமென் என்றது. எங்களால் சொல்ல முடியவில்லை. எங்கள் இருவர் வாயிலும் இட்லி இருந்தது.